மதுரை பேரில் ஒரு நோய், மதுரைக்காரர்களுக்கே தெரியாது. ஆராய்ச்சிக்குப் பணம் வரவைப்பது எப்படி?

கரிசல்மகன் | ஞாயிறு இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரி. பருத்தி, உளுந்து, சில வருஷம் மல்லி. வெறுங்காலோடுதான் காட்டுக்குப் போவார். வேலி கட்டும்போது ஒருநாள் வலது உள்ளங்காலில் கருவேல முள் ஏறியது. ஊக்கால் நோண்டி எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். காலில் ஏறிய எத்தனையோ முள்ளில் அது ஒன்று. ஒன்றரை வருஷம் கழித்து அதே இடத்தில் ஒரு கட்டி வந்தது. வலி கிடையாது. வலித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். வலிக்காத கட்டிக்கு எந்த விவசாயி ஒருநாள் கூலியை விட்டுப் பஸ் ஏறுவான்?

மூன்றாவது வருஷம் கட்டி அங்கங்கே கண் திறந்து, புரையோடி, நீர் கசிய ஆரம்பித்தது. அந்த நீரோடு கறுப்பாக, கசகசா அளவுக்குக் குருணை வரும். வேட்டியில் ஒட்டிக்கொண்டதை அப்பா நகத்தால் சுரண்டி ஒரு தீப்பெட்டியில் சேர்த்துவைத்தார். டாக்டரிடம் காட்டினால் இன்னதென்று கண்டுபிடித்துவிடுவார் என்று அவருக்கு நம்பிக்கை. முதலில் போன இடத்தில் சர்க்கரைப் புண் என்றார்கள். அப்பாவுக்குச் சர்க்கரையே இல்லை. அடுத்த இடத்தில் எலும்பு டிபி என்றார்கள். தீப்பெட்டியை நீட்டினார். "மண்ணு ஒட்டியிருக்கும் பெரியவரே, அதை ஓரமா வைங்க" என்றார்கள். ஏழாவது வருஷம் ஒரு தோல் மருத்துவர் காலைப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்: "இது மதுரா ஃபுட்." அதற்குள் பூஞ்சை எலும்புக்குள் இறங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் அந்தப் பேரையே கேள்விப்பட்டேன். பிறகு தேடிப் படித்தேன். 1842-ல் ஜான் கில் என்ற மருத்துவர் மதுரையில் இந்த நோயை எழுதிவைத்திருக்கிறார். 1846-ல் கோல்புரூக் என்பவர் 'மதுரா ஃபுட்' என்று பேர் வைத்தார். 1860-ல் பம்பாயில் இருந்த வாண்டைக் கார்ட்டர் 'மைசெட்டோமா' என்றார். நோயை உண்டாக்கும் பூஞ்சையின் பேர் மதுரெல்லா. இதே நோயைக் கொடுக்கும் பாக்டீரியாவின் பேர் ஆக்டினோமதுரா. உலகத்தில் எந்த ஆய்வகத்தில் இதைப் பற்றிப் பேசினாலும் எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லாமல் பேச முடியாது. இருந்தும் இந்தப் பூஞ்சைக்கென்றே உருவான மருந்து இன்றுவரைக்கும் ஒன்றுகூட இல்லை.

என் கேள்வி இதுதான். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்று நம்மைப் போன்ற ஆட்கள் எங்கே, யாரிடம், எப்படிக் கேட்பது? வீடியோ போடுவதா, கையெழுத்து வாங்குவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வைகை ராஜன் | ஞாயிறு இரவு 10.05

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத வரவில்லை சார். 46 வருஷமாக மதுரையில் இருக்கிறேன். யானைக்கால் தெரியும், தொழுநோய் தெரியும். இதைக் கேள்விப்பட்டதே இல்லை. அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?


கரிசல்மகன் | ஞாயிறு இரவு 10.12

செயற்கைக் கால் வைத்திருக்கிறார். காட்டுக்குப் போக முடியவில்லை, அதுதான் அவருக்குப் பெரிய குறை. மற்றபடி தெம்பாக இருக்கிறார். கேட்டதற்கு நன்றி சார்.


சாந்தி லேப் | ஞாயிறு இரவு 11.20

தம்பி, நான் 22 வருஷமாக லேப் டெக்னீஷியன். அந்தத் தீப்பெட்டியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. உங்கள் அப்பா செய்ததுதான் சரி. நோய்க்கான விடை அதற்குள்தான் இருந்தது.

எல்லோருக்கும் புரியும்படி சொல்கிறேன். இந்த நோய்க்கு மூன்று அடையாளம்: வலியில்லாத வீக்கம், புரையோடிய புண், அதிலிருந்து வரும் குருணை. மூன்றும் சேர்ந்திருந்தால் வேறு எதையும் யோசிக்கும் முன்னால் இதை யோசிக்க வேண்டும். குருணை கறுப்பாக இருந்தால் பூஞ்சை. சிவப்பாக இருந்தால் பாக்டீரியா. மஞ்சளும் வெள்ளையும் இரண்டு பக்கமும் போகலாம். ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பருமனான இழையா, மிக மெல்லிய இழையா என்று தெரியும். பருமன் என்றால் பூஞ்சை, மெல்லிசு என்றால் பாக்டீரியா. சின்ன லேபிலும் இருக்கிற சாமான் போதும்.

அந்த வித்தியாசத்தில்தான் கால் தங்குவதும் போவதும் இருக்கிறது. பாக்டீரியா வகைக்கு அமிக்காசின் ஊசியும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் மாதக்கணக்கில் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும் (அமிக்காசின் காதைப் பாதிக்கலாம், அதனால் காது கேட்கும் திறனைச் சோதித்துக்கொண்டே கொடுப்பார்கள்). பூஞ்சை வகைக்கு இட்ராகோனசோலை ஒரு வருஷமோ அதற்கும் மேலோ சாப்பிட்டு, ஆபரேஷனும் செய்து, அப்புறமும் திரும்ப வரும். நல்ல மருந்து இல்லாதது அந்தப் பக்கம்தான். ஆராய்ச்சி வேண்டியதும் அங்கேதான்.


அடையாறு கார்த்தி | திங்கள் காலை 8.15

ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கு 2014-ல் ஐஸ் பக்கெட் சேலஞ்ச் நடந்தது ஞாபகம் இருக்கா? தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வீடியோ போட்டார்கள். அமெரிக்காவில் அந்த நோய்க்கான சங்கத்துக்கு ஒரே கோடைகாலத்தில் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணம் போன ஆராய்ச்சியில் 2016-ல் ஒரு புது மரபணுவையே கண்டுபிடித்தார்கள். நாமும் அப்படி ஒன்று செய்யலாம். ஒருநாள் செருப்பில்லாமல் நடந்து வீடியோ போடுவது மாதிரி. நம்ம ஊரில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் எழுதினார்களே, 20 வருஷம் ஆகியும் யாருக்கும் மறக்கவில்லை.


சாந்தி லேப் | திங்கள் காலை 8.40

கார்த்தி, உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் செருப்பில்லாமல் மட்டும் யாரையும் நடக்கச் சொல்லாதீர்கள். நோய் ஏறுவதே அந்த வழியாகத்தான்.


ஓய்வு சுகாதார ஆய்வாளர் | திங்கள் பகல் 1.10

34 வருஷம் பொது சுகாதாரத் துறையில் இருந்தவன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2023-ல் இந்தியாவில் டிபி வந்தவர்கள் சுமார் 28 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. டிபிக்கே நாங்கள் ஒவ்வொரு வருஷமும் மல்லுக்கட்டித்தான் நிதி வாங்கினோம். நிதி கேட்கப் போனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முதலில் கேட்பது "எத்தனை பேர்?" என்பதுதான். கரிசல்மகன் தம்பி, உங்கள் அப்பா கதையைக் கேட்டு நானும் கலங்கினேன். ஆனால் "எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? மாவட்டத்துக்கு எத்தனை, வருஷத்துக்கு எத்தனை, அதில் எத்தனை பேருக்குக் கால் போனது? அந்தக் கணக்கு இல்லாமல் ஆயிரம் வீடியோ போட்டாலும் கண்ணீர் வரும், காசு வராது.

புள்ளிராஜா விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தைச் சோதித்து எண்ணத் தொடங்கினார்கள். விளம்பரம் அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் வந்தது. முதலில் எண்ணிக்கை, பிறகுதான் சுவரெழுத்து.


கரிசல்மகன் | திங்கள் பகல் 1.45

கணக்கு இல்லை சார். அதுதான் உண்மை. ஆனால் எண்ணுவதற்கே பணம் வேண்டுமே? எண்ணாததால் பணம் இல்லை, பணம் இல்லாததால் எண்ணவில்லை என்று இப்படியே 180 வருஷம் போய்விட்டதே.


நீலநதி | திங்கள் இரவு 7.30

இந்த இழையைப் படிக்கும்போது கை நடுங்குகிறது. நான் சூடானில் எட்டு வருஷம் மருத்துவக் கருவி பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவன். ஆய்வாளர் ஐயா கேட்ட கணக்கை ஒரு ஏழை நாடு எப்படி எடுத்தது என்று என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கார்ட்டூம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோபா மருத்துவமனையில் 1991-ல் மைசெட்டோமா ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார்கள். நடத்தியவர் அறுவை மருத்துவப் பேராசிரியர் அகமது ஹசன் ஃபாஹல். வருகிற ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கோப்பு. எந்த ஊர், என்ன தொழில், எந்தக் கால், குருணை என்ன நிறம், என்ன மருந்து, திரும்ப வந்ததா, எல்லாம் அதில் இருக்கும். பத்தாயிரம் பேருக்கு மேல் அப்படிப் பதிந்தார்கள். நோயாளிகள் வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. சென்னார் மாநிலத்தில் வாத் ஓன்சா என்ற கிராமத்துக்கே போய் அங்கேயே ஒரு மையம் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். அங்கே மாட்டுத் தொழுவத்தை முள்ளடைத்துத்தான் வேலி போடுவார்கள். நம்ம ஊர் கருவேலம் மாதிரியே முள். சின்னப் பையன்கள் வெறுங்காலோடு அதற்குள் ஓடுவார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராமநாதபுரம் ஞாபகம் வரும்.

அந்தக் கோப்புகளை வைத்துத்தான் சூடான் முன்னின்று உலக சுகாதாரப் பேரவையில் தீர்மானம் கொண்டுவந்தது. 2016 மே 28 அன்று நிறைவேறியது. புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் மைசெட்டோமா ஏறியது. 2017-ல் அதே மையத்தில் பூஞ்சை வகைக்கு உலகத்திலேயே முதல் முறையான மருந்துச் சோதனை தொடங்கியது, 104 நோயாளிகளோடு. ஜெனீவாவில் இருக்கும் டி.என்.டி.ஐ. என்ற லாப நோக்கில்லாத அமைப்பும் ஜப்பானின் ஐசாய் நிறுவனமும் கைகொடுத்தன. கையில் கோப்பு இருந்த ஊருக்குத்தான் சோதனை போனது.

இப்போது சொல்லப்போவது வேதனை. 2023 ஏப்ரலில் சண்டை வெடித்தது. இந்திய அரசின் ஆபரேஷன் காவேரி மீட்பில் கப்பலேற்றி எங்களைக் கூட்டிவந்தார்கள். அந்த மையம் சண்டையில் நாசமாகிவிட்டது என்று 2025-ல் செய்தி வந்தது. 40 வருஷத்துத் தகவலும் சேமித்துவைத்த திசு மாதிரிகளும் போய்விட்டன என்று ஃபாஹலே சொன்னார். கருவி போனால் வேறு வாங்கலாம். அந்தக் கோப்புகளை யார் திரும்ப எழுதித் தருவார்கள்?

உலகத்துக்கே கணக்கு வைத்திருந்த ஒரே பெரிய இடம் அது. பேர் நம்முடையது என்பதற்காக மட்டும் இல்லை, இனி யாராவது எண்ணித்தான் ஆக வேண்டும்.


பூஞ்சை ஆய்வு மாணவி | திங்கள் இரவு 9.50

நீலநதி அண்ணா சொன்ன சோதனையின் முடிவு 2024-ல் வெளிவந்தது. புது மருந்தான ஃபோஸ்ராவுகோனசோல், இட்ராகோனசோலைவிட அதிகம் பேரைக் குணப்படுத்தவில்லை. ஆனால் இட்ராகோனசோலைத் தினம் இரண்டு வேளை சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். புதியதை வாரம் ஒருமுறை விழுங்கினால் போதும். ஒருவேளைச் சாப்பாடே நிச்சயம் இல்லாத வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

எனக்கு மனதை அறுத்தது வேறு ஒன்று. ஃபோஸ்ராவுகோனசோல் ஜப்பானில் எதற்காக விற்பனைக்கு வந்தது தெரியுமா? கால் நகத்தில் வரும் பூஞ்சைக்கு. நகம் மஞ்சளாகிப் போனவர்களிடம் காசு இருந்தது, மருந்து பிறந்தது. காலே போனவர்களிடம் காசு இல்லை, அந்த மருந்து மிச்சமாக வந்து சேர்ந்தது. சந்தையை நம்பி உட்கார்ந்தால் இப்படித்தான் நடக்கும். அதனால்தான் பொதுப் பணம் வேண்டும் என்கிறோம்.

இன்னொரு செய்தி. 2018 முதல் மைசெட்-ஓஎஸ் என்று ஒரு திறந்த ஆராய்ச்சி நடக்கிறது. காப்புரிமை இல்லாமல், எந்த வேதிப்பொருள் மதுரெல்லாவைக் கொல்கிறது, எது கொல்லவில்லை என்று எல்லா முடிவையும் பொதுவில் வைக்கிறார்கள். நம்ம ஊர்க் கல்லூரிகளில் வேதியியல் முதுகலை மாணவர்கள் வருஷா வருஷம் ப்ராஜெக்ட்டுக்காக எதையோ தயாரித்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி மூடிவிடுகிறோம். அதில் பத்துப் பேர் இந்த வரிசைப் பொருள்களைத் தயாரித்து அனுப்பினாலும் உதவிதான். என் கைடிடம் இந்த வாரமே கேட்கப்போகிறேன்.


அல்லி டீச்சர் | செவ்வாய் காலை 6.20

எல்லோரும் நல்ல மனதோடுதான் எழுதுகிறீர்கள். ஆனால் வீடியோ, போட்டோ என்று வரும்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

என் தம்பிக்கு இந்த நோய். எங்கள் ஆத்தா அதைக் 'கால்புத்து' என்பார். கறையான் புற்றில் அங்கங்கே வாய் இருக்கிற மாதிரி காலில் கண் கண்ணாக இருக்கும். ஊர்க்காரர்கள் புத்து என்பதைப் புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டார்கள். சிலர் குஷ்டம் என்றார்கள். பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. வீட்டில் அவன் தம்ளரைத் தனியாக வைத்தது நாங்களேதான். இது ஒட்டாத நோய் என்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு மருத்துவக் கல்லூரியில் கேட்காமல் கொள்ளாமல் அவன் காலைப் படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்கப் பேசவே இல்லை.

பணம் வேண்டும் என்பதற்காக அவன் காலை இன்னொரு முறை ஊருக்குக் காட்டச் சொல்லாதீர்கள்.


அடையாறு கார்த்தி | செவ்வாய் காலை 9.00

மன்னிச்சுக்கோங்க டீச்சர். நான் அந்தப் பக்கமே யோசிக்கவில்லை.


கரிசல்மகன் | செவ்வாய் இரவு 8.30

டீச்சர் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பையனைக் கேக்காம படம் எடுத்தது தப்பு. எங்கிட்டக் கேட்டா நான் குடுப்பேன். ஆனா வெட்டுன காலைப் போடாத. முள்ளைப் போடு, செருப்பைப் போடு, அந்தக் குருணையைப் போடு. ஆளுக பாக்க வேண்டியது அதைத்தான்."

எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. குருணையை எல்லோரும் அடையாளம் தெரிந்துகொண்டால் போதும், யார் காலையும் காட்ட வேண்டியதில்லை.


ஓய்வு சுகாதார ஆய்வாளர் | புதன் பகல் 12.15

இரண்டு நாளாக இதே நினைப்பு. முந்தாநாள் டிபியைச் சொல்லி உங்களை மடக்கினேன். இன்று ஒரு வழி சொல்கிறேன்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப வருஷமாக ஆஸ்பத்திரியில் பதிவான சாவை மட்டும்தான் எண்ணினார்கள். வீட்டில், வழியில், மந்திரிப்பவரிடம் செத்தவர்கள் கணக்கிலேயே இல்லை. பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்ட பெரிய ஆய்வு 2011-ல் வந்தது. இந்தியாவில் 2005-ல் மட்டும் சுமார் 46,000 பேர் பாம்பு கடித்து இறந்திருக்கிறார்கள் என்றது. பதிவேட்டில் இருந்தது அதில் சின்னப் பங்குதான். 2017-ல் பாம்புக்கடியும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஏறியது. 2019-ல் லண்டனின் வெல்கம் அறக்கட்டளை பாம்புக்கடி ஆராய்ச்சிக்கு 8 கோடி பவுண்டு ஒதுக்கியது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, யார் பார்த்தாலும் சொல்லியாக வேண்டும்.

மதுராக் காலுக்கும் அதையே கேளுங்கள். அரசுக்குப் பெரிய செலவில்லை, ஒரு ஆணையும் ஒரு படிவமும்தான். எங்களிடம் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். தொழுநோய்க்காக வீடு வீடாகப் போய்த் தோலைப் பார்க்கிறவர்கள் காலையும் பார்க்கலாம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை கொண்டுபோகிற அம்மாக்கள் "வீட்டில் யாருக்காவது வலியில்லாத கட்டி, குருணை உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். எல்லா மாவட்டமும் வேண்டாம். விருதுநகர், ராமநாதபுரம் மாதிரி இரண்டு வறண்ட மாவட்டத்தில் ஒரு வருஷம் போதும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்துக்கும், டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆருக்கும் போனால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உட்காரச் சொல்லுவார். அரசுக் கடிதம் எழுதிப் பழகின கை இது. மனுவை நான் எழுதித் தருகிறேன்.


சாந்தி லேப் | புதன் இரவு 10.40

ஐயா, என்னிடம் ஒரு பழைய கையெழுத்து நோட்டு இருக்கிறது. நான் பார்த்து உறுதியான குருணையெல்லாம் தனியாகக் குறித்துவைக்கும் பழக்கம். இன்று எண்ணினேன், பதினேழு இருக்கிறது. பேர் எதுவும் தர மாட்டேன். நிறமும் வயதும் தொழிலும் மட்டும், எங்கள் மேலதிகாரி அனுமதி கொடுத்தால் மனுவோடு வைக்கலாம். ஒரு லேபில், ஒரு ஆள் கண்ணில் பட்டதே பதினேழு. மற்ற லேபில் இருப்பவர்களும் இதைப் படித்தால் உங்கள் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பாருங்கள்.


அல்லி டீச்சர் | வியாழன் காலை 6.10

தம்பியிடம் பேசினேன். மனுவில் கையெழுத்துப் போடுகிறேன் என்றான். படம் வேண்டாம், பேர் போட்டுக்கொள்ளலாமாம். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேரைக் கேட்கிறேன்.


புதிய உறுப்பினர் 4471 | வியாழன் இரவு 11.55

வணக்கம். இதை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினாங்க. என் அண்ணிக்கு வலது குதிகால்ல ரெண்டு வருஷமா கட்டி. வலி இல்லை. போன மாசத்துல இருந்து தண்ணி வருது, அதுல வெள்ளையும் மஞ்சளுமா ரவை மாதிரி வருது. சூடு வச்சா சரியாகும்னு சொல்றாங்க. நாங்க திருச்சுழி பக்கம். என்ன செய்யறது?


சாந்தி லேப் | வெள்ளி காலை 5.30

இப்போதுதான் பார்த்தேன் தம்பி. சூடு வைக்க வேண்டாம், யாரையும் கீற விட வேண்டாம். மஞ்சள் குருணை பாக்டீரியா வகையாக இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு மருந்து கேட்கும். ஆனால் சோதிக்காமல் சொல்ல முடியாது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். "மைசெட்டோமாவா என்று பார்க்க வேண்டும்" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். லேபில் மூடி போட்ட சுத்தமான டப்பாவில் சலைன் ஊற்றித் தருவார்கள், குருணையை அதில்தான் எடுக்க வேண்டும். புண்ணைச் சுத்தமான துணியால் மூடி, செருப்புப் போட்டுக் கூட்டிப்போங்கள். போய்விட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.